பூ இல்லாத தொட்டிகள்

காலை ஒன்பதரை. வகுப்பறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை மேலாளர் உரித்தார். தாளின் வலது பாதியை மூடியிருந்த கறுப்பு அட்டையையும் எடுத்தார். பெற்றோர் கூட்டம் எட்டிப் பார்த்தது. ஓவிய டீச்சர் மட்டும் ஒரே பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது என் தாள் இல்ல."

"தோத்தவங்க வேற என்ன சொல்வாங்க" என்றார் மேலாளர்.

விஷயம் இதுதான். அந்த ஓவியப் பள்ளி ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பிள்ளைகளுக்குப் பயிலரங்கு நடத்தும். அதற்கு நீர்வண்ணம் வாங்க வேண்டும். இத்தனை வருஷமும் வாங்கியது ஒரே ஒரு பெட்டி. அதன் மூடியில் ஒரு மனிதர் கன்னத்தில் கை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் பள்ளியின் நிறுவனர். 'மேதை' என்று எல்லோரும் அழைப்பார்கள். முதன்முதலில் அப்படி அழைத்தவர் அவரேதான். மேலாளர் அவருடைய மனைவிக்குத் தம்பி. அந்தத் தகுதி ஒன்றே அவருக்கு இருந்தது, போதுமானதாகவும் இருந்தது.

போன பயிலரங்கு முடிந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள் டீச்சர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உள்ளே என்ன சாயம்னு எங்கயும் போடலையே சார், வெயில் தாங்குமா?" என்று கேட்டுவிட்டாள். மூடியில் அவ்வளவு பெரிய முகம் இருக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கலாமா? மேதை சிரித்தார். பெற்றோர் அறியச் சோதனை வைக்கச் சொன்னார். வகுப்புத் தாளில் மேல் வரிசையில் பெட்டி வண்ணம் ஆறு. கீழ் வரிசையில் டீச்சர் தேர்ந்தெடுத்த டியூப் வண்ணம், அதே ஆறு. பாதியை மூடி, பாதியை வெயிலுக்கு விட்டுக் கோடை தொடங்கும்வரை ஜன்னலில் ஒட்டி வைப்பது. எது வெளுக்கிறதோ அது வேண்டாம். பெட்டி வெளுக்காவிட்டால் டீச்சர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையை விட்டுப் போக வேண்டும்.

இப்போது மேல் வரிசை அன்று தீட்டியதுபோல் மினுமினுத்தது. கீழ் வரிசையில், மூடியிருந்த பாதி நன்றாக இருந்தது. வெயில் பட்ட பாதியில் ரோஸ், ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், காவி ஆறும் ஒன்று விடாமல், அளந்து வைத்ததுபோல் வெளுத்திருந்தன.

"மன்னிப்பு ரெண்டு வரியில போதும்மா. நான் பெருந்தன்மைக்காரன்" என்றார் மேதை.

டீச்சரின் கண் கலங்கியது. ஆனால் அவள் மறுபடியும் அதையேதான் சொன்னாள். "என் தாள் இது இல்ல சார்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கான வகுப்பில் வந்து உட்காருபவள். அவள் வரைந்த பூனையைப் பார்த்தவர்கள் தலையணை நன்றாக வந்திருப்பதாகப் பாராட்டுவார்கள். மற்ற நாட்களில் அவள் குற்றப்பிரிவு ஆய்வாளர்.

"அந்தத் தாளை யாரும் தொட வேணாம். இங்க குடுங்க."

"மேடம், இது கலை விவகாரம்" என்றார் மேதை.

"அதான் சார் நானும் பொறுமையா கேக்கறேன்."

தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வளைத்துப் பார்த்தாள். கனமான தாள். தண்ணீர் பட்டும் மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. முன்னும் பின்னும் ஒரே வெள்ளை. மூன்று ஓரங்கள் கத்தியால் நறுக்கியவை. நான்காவது மடித்துக் கையால் கிழித்தது, பிசிறு பிசிறாக நின்றது. வண்ணப் பட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு திட்டு இல்லாமல், கறை இல்லாமல், சீராக இழுத்திருந்தன.

"இந்த வகுப்பறைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு, அத்தான்கிட்ட ஒண்ணு" என்றார் மேலாளர். "டீச்சர்கிட்ட இல்ல. குடுக்கல. அதுக்காக என்னைச் சந்தேகப்பட்டுடாதீங்க மேடம். எனக்குப் பென்சில்ல நேர்கோடு போடவே வராது."

"தெரியும். வாசல் போர்டை நீங்கதானே எழுதுனீங்க."

பெற்றோர் சிரித்தார்கள். அந்தப் போர்டு மாடிப்படி மாதிரி இறங்கும்.

"நீங்க சார்? இந்தத் தாளைத் தொட்டீங்களா?"

மேதை அடிபட்ட முகத்துடன் நிமிர்ந்தார். "வகுப்புக் காகிதத்தையா? பொட்டலம் மடிக்கிற காகிதம் அது. நாலு சொட்டுத் தண்ணி பட்டா சருகு மாதிரி சுருளும். என் கை கூசும்."

"சரி. வெயில்ல எந்த வண்ணம் முதல்ல போகும், எது கடைசியில போகும்?"

"அதெல்லாம் கடைக்காரன் விஷயம். கலைஞனுக்குக் கை போதும்."

ஆய்வாளர் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனதுபோல் இருந்தது.

பத்தேகால். அவள் தாழ்வாரத்துக்கு வந்தாள். போன கோடையில் பிள்ளைகள் வரைந்த படங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார்கள். பெரிய ஜன்னல்கள் வழியே நாள் முழுக்க அவற்றின் மேல் வெயில் விழும். எல்லாப் படத்திலும் ஒரு மண் தொட்டி, தொட்டியில் ஒரு குச்சி. அவ்வளவுதான்.

ஒரு படத்தின் முன் ஒரு தகப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "கீழ எம்பொண்ணு பேருதான் இருக்கு. ஆனா அவ செம்பருத்தி வரைஞ்சதா ஒரு மாசம் வீட்டுல பேசிட்டிருந்தாளே. வெறும் தொட்டிதானே இருக்கு."

"வரையச் சொன்னா பாதியில எந்திரிச்சு ஓடிடுங்க" என்றார் பின்னாலேயே வந்த மேலாளர். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை ஏது?"

"எல்லாப் பிள்ளையுமா தொட்டியோட ஓடிடுச்சு?" என்றாள் ஆய்வாளர். "இதெல்லாம் எந்த வண்ணத்துல போட்டது?"

"நம்ம பெட்டிதான். வேற எது?"

அவள் அந்தப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டாள். போகிற வழியில் மேதையின் தனி அறைக்குள் நுழைந்தாள். சுவர் முழுக்க அவருடைய புகைப்படங்கள். பிரெஷ்கள் மட்டும் நூலாம்படை பிடித்திருந்தன. ஒன்றே ஒன்று ஈரமாக இருந்தது. மேசை இழுப்பறையில் ஒரு தாள். அதையும் எடுத்துக்கொண்டாள்.

"என் அறைக்குள்ள என் அனுமதி இல்லாம..." என்று எழுந்தார் மேதை, அவள் வகுப்பறைக்குத் திரும்பியதும்.

"உக்காருங்க சார். கூட்டம் உங்களைத்தான் பாக்குது. உங்களுக்குப் பிடிக்குமே."

அவர் உட்கார்ந்தார்.

"டீச்சர், முதல் நாள் வகுப்புல காவியைப் பத்தி என்ன சொன்னீங்க? எனக்குப் பூனை வரலைன்னாலும் சொன்னது ஞாபகம் இருக்கு."

டீச்சர் தயங்கிச் சொன்னாள். "மண்ணுன்னு சொன்னேன். மலையடிவாரத்து மண்ணைத் தோண்டி, சலிச்சு, பிசின் சேத்து டியூப்ல அடைச்சது."

"மண்ணு. மனுஷன் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து வெயில்லயே கெடந்த மண்ணு. அது ஒரு ஜன்னல்ல ஒட்டினதும் பயந்து வெளுத்துடுமா? இந்தத் தாள்ல ரோஸ் எவ்வளவு வெளுத்திருக்கோ அதே அளவு காவியும் வெளுத்திருக்கு. இது வெயில் செஞ்ச வேலை இல்ல. வண்ணத்துல தண்ணியை ஊத்திக் கலந்து, வெளுத்த மாதிரி யாரோ தீட்டினது. வெயில்ல கெடந்திருந்தா வகுப்புத் தாள் பழுப்பேறியிருக்கும். இது சலவை வேட்டி மாதிரி இருக்கு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மேதை தொண்டையைச் செருமினார். "அப்படின்னா இவதான் செஞ்சிருக்கணும். வம்பு கிளப்பத் திட்டம்."

"தன்னையே தோக்கடிக்கறதுக்கா? இவங்ககிட்ட சாவியும் இல்ல, காவியைப் பத்தித் தெரியாமலும் இல்ல. உங்க மச்சானுக்குச் சாவி இருக்கு, ஆனா பட்டை இழுக்கற கை இல்ல. இதைச் செஞ்சவனுக்குச் சாவி இருக்கு, பழகின கை இருக்கு, வண்ணத்தைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. போதாக்குறைக்கு வகுப்புக் காகிதத்தைத் தொட்டா அவனுக்குக் கை கூசும். திருட்டு வேலையைக்கூட உசத்தித் தாள்லதான் செய்வான்."

இழுப்பறையில் கிடைத்த தாளை மேசையில் வைத்தாள். பாதியாகக் கிழித்த பெரிய தாள். அதன் பிசிறு ஓரத்தில் சோதனைத் தாளின் பிசிறு ஓரத்தைச் சேர்த்தாள். நார்கூட ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டது.

மேலாளர் மெதுவாக அத்தானை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"என் பேரு..." என்றார் மேதை. "பெட்டி தயாரிக்கிற கம்பெனிக்காரன் மூடியிலிருந்து என் படத்தை எடுத்துடுவான். என் பள்ளிக்கூடமே அந்தப் பெட்டி வேணாம்னு சொன்னா எடுத்துடுவான். உங்களுக்கெல்லாம் அது புரியாது."

"புரியுது சார். முகத்தைக் காப்பாத்த ஒரு பொண்ணோட வேலையைக் காவு குடுக்கப் பாத்தீங்க. அசல் தாள் எங்க?"

"எரிச்சிட்டேன்."

"அப்ப ஜெயிச்சது யாருன்னு இனி சொல்ல முடியாதே" என்றார் மேலாளர். கடைசி முயற்சி.

"அதுக்குப் பதில் போன கோடையிலிருந்து தாழ்வாரத்துல தொங்குது. நீங்கதான் பாக்கல."

ஆய்வாளர் பிள்ளையின் படத்தைக் கவிழ்த்து ஆணிகளை நெம்பினாள். கண்ணாடியை நகர்த்தினாள். படத்தைச் சுற்றி அலங்காரத்துக்கு வைத்திருந்த அட்டை விளிம்பை, பின்னாலேயே வந்திருந்த அந்தத் தகப்பனிடம் காட்டி, "நீங்களே தூக்குங்க" என்றாள்.

அவர் தூக்கினார். நடுவில் அதே தொட்டி, அதே குச்சி. ஆனால் விளிம்பு மறைத்திருந்த இரண்டு விரல் அகலத்தில், வெயில் எட்டாத இடத்தில், ரத்தச் சிவப்பாகப் பாதிப் பூ. பக்கத்தில் இன்னொரு இதழ். மேல் ஓரம் முழுக்கப் பூ. தாளில் இடம் போதாமல் அந்தப் பெண் விளிம்புவரை வரைந்து தள்ளியிருந்தாள். பெட்டி வண்ணப் பூக்கள் போய்விட்டிருந்தன. காவியில் போட்ட தொட்டியும் குச்சியும் மட்டும் நின்றன.

தகப்பன் விரல் நுனியால் அந்த இதழைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஓடல சார் எம்பொண்ணு" என்றார் மேலாளரைப் பார்த்து. "முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சிருக்கா."

பெற்றோர் ஒவ்வொருவராக எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார்கள். ஆணி நெம்புகிற சத்தம் கேட்டது. மேதை வெளியே போகும்போது அவருக்கு வழிவிட யாரும் நகரவில்லை. அவர்தான் ஒடுங்கிக்கொண்டு போனார்.

மேலாளர் குழைந்துகொண்டு வந்தார். "டீச்சர், அந்த டியூப் எந்தக் கடையில கிடைக்கும்? தாளும் நீங்க சொல்றதையே வாங்கிடலாம். நான் அப்பவே அத்தான்கிட்ட சொன்னேன்..."

"எப்ப சொன்னீங்க?" என்றாள் டீச்சர்.

அவருக்குத் திடீரென்று வேறெங்கோ வேலை வந்துவிட்டது.

அன்று மாலை டீச்சர் பெட்டியின் மூடியை வெட்டியெடுத்து, அதே ஜன்னலில், அதே இடத்தில் ஒட்டினாள். பாதி முகத்துக்குக் கறுப்பு அட்டை. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. மூடிய பாதி எப்படியிருக்கிறது என்று தெரியாது. யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. வெயில் பட்ட பாதியில் கன்னமும் கையும் போய்விட்டன. ஒரு கண் மட்டும் மங்கலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.