வால் நறுக்கிய நத்தைகள்

சமையலறையின் பின்வாசல் படியில் யாரோ கொட்டிவிட்டுப் போயிருந்த நத்தைகளுக்கு ஏற்கெனவே வால் நறுக்கியிருந்தது.

அதுதான் யூன்ஷியாவை உறுத்தியது. நத்தை வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. முன்னோர் சமாதிகளைக் கூட்டிக் கழுவும் நாள் நெருங்கும்போது அணைக்கரை நத்தைகள் கொழுத்துக் கிடக்கும். கிடைத்தவள் அடுத்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்புவாள். ஆனால் உயிரோடு, சேறும் பாசியுமாக அனுப்புவாள். வாங்கியவள்தான் அவற்றைத் தண்ணீரில் போட்டு மண் கக்கவிட்டு, குறடு எடுத்து ஒவ்வொன்றின் வால் நுனியையும் வெட்டவேண்டும். வெட்டினால்தான் உறிஞ்சும்போது சதை வழுக்கிக்கொண்டு வாய்க்குள் வரும். இவையோ துடைத்துவைத்தது போலப் பளபளத்தன. கூழ் போன்ற ஒரு ஈரத்தின் மேல் குவிந்து கிடந்தன. வெட்டுவாய் குறடு பட்ட மாதிரி இல்லை. கடைவாயில் வைத்து நொறுக்கின மாதிரி இருந்தது.

"ஹோங் அக்கா வெச்சிருப்பா," என்றார் அவள் கணவர் தேஷெங், பல் துலக்கிக்கொண்டே. "போன வாரம் அவ வீட்டுக் குழாயைச் சரி பண்ணிக் குடுத்தேன்ல."

"குடுக்கிறவ பாத்திரத்துல குடுக்க மாட்டாளா? வெறும் படியிலயா கொட்டுவா?"

"பாத்திரத்துல குடுத்தா அது திரும்பிப் போகாதுன்னு உன்னைப் பத்தி அவளுக்குத் தெரியும்."

சிரித்துவிட்டாள். சிரித்ததோடு சமைத்தும் விட்டாள். இஞ்சி, காய்ந்த மிளகாய், அரிசி மது, கொஞ்சம் சோயா. கடாயில் ஓடுகள் கடகடவென்று உருண்டன. அன்று இரண்டு பேரும் விரல்களை நக்கி நக்கித் தின்றார்கள். அவ்வளவு ருசி. தாய் நத்தைகளின் வயிற்றில் குஞ்சு நத்தைகள், ஓடு முளைத்தும் முளைக்காமலும், பல்லில் நறநறவென்று பட்டன. அதைக்கூட அவள் துப்பவில்லை.

மறுநாளும் விடியும் நேரத்தில், அதே படியில், அதே அளவுக் குவியல் இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது.

தேஷெங் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குடியை விட்டபின் அந்தக் கைக்குத் தூண்டில் வந்து சேர்ந்தது. மனுஷன் உயிரோடு கிடைத்தாரே என்று அவளும் சகித்துக்கொண்டாள். மீன் தீனிக்கென்று மதுவில் புளிக்கவைத்த சோளம் மொட்டைமாடியில் ஜாடி ஜாடியாக நின்றது. வாந்தியும் கள்ளும் கலந்த அந்த வாடை துவைத்த துணியில் ஏறித் தலையணைவரைக்கும் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் மீன் பேச்சுத்தான். அவள் கேட்கிறாளா இல்லையா என்று அவர் பார்ப்பதில்லை.

"பெரிய மீனுக்கிட்ட அவசரமே ஆகாது யூன்ஷியா. முதல்ல தீனி தூவிக் கூடு போடணும். ஒரே இடம், ஒரே நேரம். முள்ளு கிடையாது, வெறும் தீனி. கருங்கெண்டை சந்தேகப் பிராணி. வாயில இழுக்கும், துப்பும், மறுபடி இழுத்துப் பாக்கும். இதுல ஒண்ணுமில்லைன்னு அதுக்கே தோணுற வரைக்கும் குடுத்துக்கிட்டே இருக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தணும். நமக்கு எங்க இழுக்க வசதியோ அங்க. அது தானா பின்னாலயே வரும். வந்ததும் ஒரு நாள் பட்டினி போடணும். மறுநாள் ஒண்ணே ஒண்ணு. கொழுத்ததா ஒண்ணு. அதுலதான் முள்ளு."

"சோறு போட்ட கையாலயே குத்துறது. தூ!"

"நீயும்தானே அந்தத் தலையைக் கொழம்பு வெச்சுத் தின்ன?"

தின்றாள்தான். போன இலையுதிர் காலத்தில் அவர் பிடித்த அந்தக் கருங்கெண்டை அவள் தோள் உயரம் இருந்தது. அதன் தலையைப் பிளந்தவள் அவள்தான். தொண்டையின் மேல்புறத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் கல்லை நகத்தால் நெம்பி எடுத்தவளும் அவள்தான். அந்தக் கல்லால்தான் அது நத்தை ஓட்டை அழுத்தி நொறுக்கும். பயந்து அழும் குழந்தைகளுக்கு அதைக் கோத்துக் கட்டுவது வழக்கம். இவர், நானும் குழந்தைதானே என்று சிவப்புக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கல்லின் அடியில் அவர் மார்பு ஈரமாகவே இருந்தது. ராத்திரி அவர் பக்கம் திரும்பிப் படுத்தால் குளத்தடியின் நாற்றம் மூக்கில் ஏறியது.

ஹோங் அக்காவைக் காய்கறி வண்டியருகே பார்த்தபோது யூன்ஷியா நன்றி சொன்னாள்.

"நத்தையா? நானா?" ஹோங் அக்கா மாவுக்கட்டு போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "குளியலறையில வழுக்கி விழுந்து எத்தனை நாளாச்சு! இந்தக் கையால மூஞ்சி கழுவவே முடியல, உனக்கு நத்தை வெட்டுறேனாக்கும்? ஆமா, யாரு வெச்சதுன்னே தெரியாமலா புருஷனும் பொண்டாட்டியும் தின்னீங்க? வெட்கங்கெட்டவளே!"

வண்டிக்காரனும் சேர்ந்து சிரித்தான். யூன்ஷியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வரும் வழியில் பல்லிடுக்கில் ஏதோ தட்டுப்பட்டது. நாக்கால் நெம்பித் துப்பினாள். உள்ளங்கையில் கடுகளவு ஒரு குஞ்சு நத்தை. ஓடு உடையாமல் முழுசாக இருந்தது. அது கால் நீட்டியது. நடுரோட்டில் குனிந்து வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கினாள்.

மறுநாள் குவியலைத் துடைப்பத்தால் சாக்கடையில் தள்ளினாள். தேஷெங் ஓடி வந்தார். சாக்கடையில் மண்டியிட்டு, முழங்கைவரை கையை விட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எண்ணெயும் முடியும் சோற்றுப்பருக்கையும் ஒட்டிய அவற்றைக் கால்சட்டையில் துடைத்து, அங்கேயே வாயில் வைத்து உறிஞ்சினார். பச்சையாக.

"ஏங்க! என்னங்க இது!"

"சுடச்சுடத் தின்னு தின்னுதான் ருசி தெரியாமப் போச்சு," என்றார். உதட்டோரத்தில் ஒரு கோழை வழிந்து நின்றது. அதையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதன்பின் குவியல் சமையலறைப் படியில் வரவில்லை. கீழ்ப்படியில் வந்தது. அப்புறம் துணி துவைக்கும் கல்லில். அப்புறம் மூங்கில் புதருக்குப் பக்கத்துப் பாதையில். வீட்டிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் வழி முழுக்க, நத்தை ஊர்ந்த தடம்போல, ஆனால் ஆள் படுக்கும் அகலத்துக்கு, ஒரு மினுமினுப்பு காய்ந்து கிடந்தது.

யூன்ஷியா அந்த மினுமினுப்பின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தாள். நீர்த்தேக்கம் அசையாமல் கிடந்தது.

"கீழ கீழ போகுது, பாத்தீங்களா?" என்றாள் அன்று சாப்பிடும்போது. "ஒரே நேரம். முள்ளில்லாத தீனி. அப்புறம் நகத்துறது. நீங்க சொன்னதுதாங்க. அப்படியே நீங்க சொன்னது."

தேஷெங் அவளையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நான் என்ன மீனா? மீசை முளைச்சிருக்கா பாரு!" வாயை வட்டமாகக் குவித்து, திறந்து மூடி, மீன் மாதிரி செய்து காட்டினார். விளையாட்டுத்தான். ஆனால் நிறுத்தவில்லை. பேச்சு மாறிய பிறகும், தேநீர் குடிக்கும்போதும், தூங்கும்போதும் அந்த உதடுகள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"அந்தப் பெரியதை எப்படிக் கரை சேத்தேன் தெரியுமா?" இருட்டில் திடீரென்று பேசினார். "இழுக்கவே கூடாது. இழுத்தா தூண்டில் நரம்பு அறுந்துபோகும். நடத்தணும். அது போற பக்கம் விட்டுக்குடுக்கணும், அசந்தா எடுத்துக்கணும். இப்படியும் அப்படியும். அலுத்துப்போய் அதுவே பக்கத்துல வரும். வந்ததும் மூஞ்சியைத் தண்ணிக்கு மேல தூக்கி ஒரு வாய் காத்துக் குடிக்க வைக்கணும். அவ்வளவுதான். காத்துக் குடிச்ச மீனுக்குத் திமிரே இருக்காது. பக்கவாட்டுல சாஞ்சு, குழந்தை மாதிரி, கையோட வந்துடும்."

"பேசாமப் படுங்க."

"அது என்னையே பாத்துச்சு யூன்ஷியா. கடைசிவரைக்கும்."

மறுநாள் விடிந்தபோது எங்கும் நத்தை இல்லை.

அவர் படியில் தேடினார். கல்லில் தேடினார். மூங்கில் புதரைக் கையால் பிரித்துப் பார்த்தார். யூன்ஷியா கஞ்சி வைத்தாள், ஊறுகாய் வைத்தாள், அவருக்குப் பிடித்த உப்பு முட்டையைப் பிளந்து வைத்தாள். ஒரு வாய் எடுத்தார். நாக்கால் துழாவினார். கிண்ணத்திலேயே துப்பினார். மறுபடி எடுத்தார். மறுபடி துப்பினார். எச்சில் நூலாக இறங்கி மேசையில் தேங்கியது. கிண்ணத்தின் விளிம்பைக் கடித்துப் பார்த்தார்.

பட்டினி நாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நாளைக்குத்தான்.

"நகரத்துக்குப் போயிடலாங்க. இப்பவே. மாசக்கணக்கா மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

"நாளைக்கு."

"இன்னிக்கே."

"நாளைக்குச் சாப்பிட்டுட்டுப் போலாம்," என்றார் பணிவாக.

பின்வாசலைப் பூட்டினாள். முன்வாசலைப் பூட்டினாள். சாவிகளை அரிசி டப்பாவின் அடியில் புதைத்தாள். அவருடைய சட்டை நுனியைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தாள். தூங்கக்கூடாது என்று நினைத்தாள். சாக்கடைக் குழாய்க்குள் ஏதோ வந்து நின்று மூச்சு விட்டது. பொறுமையாக. அவசரமே இல்லாமல்.

கண் விழித்தபோது ஜன்னல் திறந்திருந்தது. மணிக்கட்டில் சட்டை மட்டும் இருந்தது. வெறும் சட்டை. ஈரமாக.

ஜன்னல் வழியே குதித்து, செருப்பில்லாமல் ஓடினாள். பாதை வழவழத்தது. விழுந்தாள். எழுந்தாள். விடியற்காலைப் பனி தண்ணீரையும் கரையையும் ஒன்றாக்கியிருந்தது. புளித்த சோளத்தின் வாடை. இல்லை. அதைவிடப் பழைய வாடை.

அவர் நீர்விளிம்பில் குந்தியிருந்தார். வெற்றுடம்போடு. இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார், ஒன்றே ஒன்றை. குழந்தையின் தலை அளவு இருந்தது அந்த நத்தை. வால் நறுக்கியிருந்தது.

"வேண்டாங்க! கீழ போடுங்க! தேஷெங்! போட்டுடுங்க அதை!"

திரும்பிப் பார்த்தார். தெரியும் என்பது போன்ற பார்வை. கண்ணில் அவ்வளவு வெட்கம். ஆனால் உதடு அதற்குள் குவிந்துவிட்டது.

உறிஞ்சினார்.

முகவாய் ஒரு முறை வெட்டி இழுத்தது. லேசாக. அவ்வளவுதான்.

ஓடு கையிலிருந்து உருண்டது. அவர் வாயோரத்திலிருந்து கோழை நூல் ஒன்று பனிக்குள் நீண்டு போயிற்று. தொங்கவில்லை. விறைத்து நின்றது. அதன்மேல் துளித்துளியாக நீர் நடுங்கியது.

யூன்ஷியா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நூலைப் பற்றினாள், உள்ளங்கை கிழிந்தது. கழுத்துக் கயிறு அறுந்து கல் அவள் கைக்குள் விழுந்தது. சூடாக இருந்தது. அவள் பின்னால் இழுக்க, நூல் தளர்ந்தது. விட்டுக்கொடுத்தது. காப்பாற்றிவிட்டேன் என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சில் அது எடுத்துக்கொண்டது.

இழுக்கவில்லை. நடத்தியது.

இந்தப் பக்கம் சில அடி. அந்தப் பக்கம் சில அடி. முகவாயை முன்னால் நீட்டிக்கொண்டு, கைகள் தொங்க, அவர் கரையோரம் போனார், வந்தார். அவளும் தொங்கிக்கொண்டு போனாள், வந்தாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொஞ்சம் கிட்டே வந்தது. கணுக்கால். முழங்கால். அவள் கை சோர்ந்தது. சேற்றில் வழுக்கியது. விட்டுப்போயிற்று.

அவரும் அலுத்துவிட்டார்.

அப்போது நூல் அவர் முகத்தை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கியது. ஒரு வாய் குடிக்கவைத்தது. தூக்கியது.

அவ்வளவுதான். திமிறல் நின்றது. அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். குழந்தை மாதிரி. ஒரு கண் தண்ணீருக்குள், ஒரு கண் மேலே, அவளையே பார்த்தபடி, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனார். உதடுகள் திறந்து மூடின. திறந்து மூடின. பனி மூடிக்கொண்டது.

பனிக்குள் எங்கோ ஆழத்தில், ஓடு நொறுங்குவது போல ஒரு சத்தம். நிதானமாக. கறுக். கறுக்.

அவள் எப்படி வீட்டுக்கு ஏறி வந்தாள் என்று தெரியாது. கையில் அந்தக் கல் இருந்தது. பின்வாசல் கதவு பூட்டியபடியே இருந்தது.

படியில் நத்தைகள். ஒரு ஆளுக்குப் போதுமான குவியல். புதுசு. கழுவித் துடைத்தது. வால் நறுக்கியது.

குமட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. குனிந்தாள். வாயைத் திறந்தாள்.

எச்சில் ஊறி, நூலாக இறங்கியது.