ஒற்றை ஆள் குழுவின் லன்ச் ஷீட்

குழுத் தலைவி ஷாமலா. செயலாளர் ஷாமலா. மற்ற எல்லா வேலைக்கும் ஷாமலா.

விஞ்ஞான தினத்துக்காக நால்வர் நால்வராகச் சேரும்படி நிரோஷா டீச்சர் சொன்னதும், ஆறாம் தரப் பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒருத்திதான்.

"ஏதாவது ஒரு குழுவுல உன்னையும் சேத்து விடவா, மகள்?" என்று டீச்சர் கேட்டார்.

"வேணாம் டீச்சர். நான் தனியாவே செய்யிறேன்."

கூப்பிடாத இடத்தில் போய் உட்காருவதைவிடத் தனியாக இருப்பதே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

ஷாமலா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கண்டிக்குப் புதிதாக வந்தவள். அம்மா டொரதி இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மாதக் கடைசியில்தான் வருவார். அப்பா சுவக்கின் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் ரோல்ஸும் கட்லட்டும் போடுகிறார். பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் இருவருக்கும் வீடு.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் இடைவேளையில், மாமரத்தடியில் கிடந்த வாங்குப் பலகையின் நடுவில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். அதே வகுப்புப் பிள்ளை ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியோடு எதிரே வந்து நின்றாள். மடவளையில் இருந்து வரும் ஷஹ்மா அவள்.

"தள்ளி இரு," என்றாள் ஷஹ்மா.

ஷாமலாவின் முகம் சுருங்கிப் போனது. பார்சலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருந்த படிக்கட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் அந்தப் படியில்தான் சாப்பாடு. துணைக்கு ஒரு காகம் வரும். சோறு தீர்ந்ததும் அதுவும் போய்விடும்.

குப்பையில் வீசுகிற பொருளில் இருந்து உபயோகமான ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதுதான் டீச்சர் கொடுத்த வேலை. வீசுகிற பொருளுக்கா பஞ்சம்? பேக்கரிக்குப் பின்னால் உருளைக்கிழங்குத் தோல் குவிந்து கிடந்தது. மண்வெட்டி பட்டதால் சந்தையில் விலைபோகாத கிழங்குகளும் மூட்டையாகக் கிடந்தன. தோல் ஊறிய வாளியைக் கவிழ்த்தபோது, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அது என்னவென்று டீச்சரிடம் கேட்டாள்.

"அது மாப்பொருள், மகள். அதோட தண்ணியும் கொஞ்சம் வினாகிரியும் கிளிசரினும் சேத்துக் காய்ச்சி, மெல்லிசாப் பரப்பிக் காயவிட்டா, பொலித்தீன் மாதிரி ஒரு தாள் வரும். மண்ணுல போட்டா மக்கிரும்."

ஷாமலாவுக்கு உடனே லன்ச் ஷீட் நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் லன்ச் ஷீட்டெல்லாம் காற்றில் பறந்து தேயிலைச் செடிகளில் மாட்டிக்கொள்ளும். அம்மா கொழுந்து பறிக்கும்போதே அதையும் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வார். மக்கிப் போகிற லன்ச் ஷீட் இருந்தால் அம்மாவுக்குப் பாதி வேலை மிச்சம்!

அப்பாதான் அடுப்பில் கிண்டிக் கொடுத்தார்.

"என்னாம்மா, கஞ்சியா காய்ச்சுறோம்?"

"லன்ச் ஷீட்டுப்பா."

"சரிதான். நாளைக்கு மழைக்கோட்டும் காய்ச்சிருவோம்!"

முதல் தாள் காய்ந்து அப்பளம் போல நொறுங்கியது. அடுத்ததில் கிளிசரின் கூடிப்போய், தட்டைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. வெளியிலோ ஓயாத தூறல். யோசித்துப் பார்த்துவிட்டு, பாண் சுடும் அடுப்புக்குப் பக்கத்துச் சூட்டில் தட்டை வைத்தாள். இந்தத் தடவை தாள் பிய்யாமல், வளைந்து கொடுத்துக்கொண்டு, கண்ணாடி போல வந்தது.

அப்பா கட்லட் பொரித்த எண்ணெய்க் கையோடு அதைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயோ அப்பா, எண்ணெய்!"

பழைய பத்திரிகை ஒன்றை மேசையில் விரித்து, அதன்மேல் தாளைப் போட்டுத் துடைத்தாள். என்ன ஆச்சரியம்! தாளின் மேல் அத்தனை எண்ணெய் இருந்தும், அடியில் இருந்த பத்திரிகையில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. சொல்வதற்குத் திரும்பினால் அப்பாவைக் காணோம். அடுத்த தட்டு ரோல்ஸுக்கு ஓடிவிட்டார். சொல்ல ஆளில்லாத சந்தோஷம் பாதிச் சந்தோஷம்தான்.

இன்னும் பல தாள்கள் செய்தாள். விஞ்ஞான தினத்துக்கு முதல் நாள், ஒன்றில் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். இடைவேளையில் பையைத் திறந்தால், லன்ச் ஷீட்டைக் காணவில்லை. பருப்பின் ஈரத்தில் அது கரைந்து கூழாகிவிட்டது. கணிதப் புத்தகம் பருப்பில் குளித்திருந்தது.

காகத்துக்கு அன்று நல்ல வேட்டை. ஷாமலா மட்டும் படியில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் ஒருத்தி இருந்திருந்தால் சிரித்துத் தொலைத்திருக்கலாம் என்று நினைத்ததும் இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் மண்டபத்தில் கடைசி மேசை அவளுடையது. மிச்சமிருந்த தாள்களை அடுக்கி வைத்துவிட்டு நின்றாள். ஒருவராவது நின்று பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் மூக்குக் கண்ணாடி போட்ட நடுவர் ஒருவர் வந்தார்.

"இதுல சோறு கட்டலாமா?"

"இல்லை சேர்," என்றாள் உள்ளதை உள்ளபடியே. "தண்ணி பட்டாக் கரைஞ்சிரும்."

"அப்ப எப்படி லன்ச் ஷீட்?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து முன் மேசையில் சலசலப்பு. வருகிறவர்களுக்குக் கொடுக்க ஷஹ்மாவின் உம்மா நெய் ஊற்றி மஸ்கட் என்ற இனிப்புக் கிண்டி அனுப்பியிருந்தார். ஆனால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குள் பொலித்தீன் வரக்கூடாது. ஒவ்வொரு துண்டாகச் சுற்றியிருந்த பொலித்தீனை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஷஹ்மா பத்திரிகைத் தாளில் வைத்துப் பார்த்தாள். நெய் ஊறித் தாள் ஈரமாகி, மையெல்லாம் இனிப்பில் ஒட்டிக்கொண்டது. மஸ்கட்டில் நேற்றைய செய்தியைப் படிக்கலாம் போலிருந்தது!

"உம்மா கை வலிக்க வலிக்கக் கிண்டினது," என்று ஷஹ்மா அழுதாள். "இதக் கொண்டுபோய் எப்படி நான் ஆக்களுக்குக் குடுக்கிற?"

ஷாமலா எட்டிப் பார்த்தாள். அங்கே தொல்லை தண்ணீர் இல்லை. நெய்! எண்ணெய்க்குத்தான் அவள் தாள் அசையாதே!

ஆனால் எல்லாத் தாளையும் கொடுத்துவிட்டால் மேசை காலியாகிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. 'தள்ளி இரு' என்றவளிடம் எப்படிப் போவது? மறுபடியும் அதையே சொன்னால்? ஷஹ்மாவின் அழுத முகத்தைப் பார்த்தாள். நேற்றுப் படிக்கட்டில் தான் அழுதது நினைவுக்கு வந்தது. தாள்களை அள்ளிக்கொண்டு நடந்தாள்.

"இந்தா, இதுல சுத்து. நெய் கசியாது."

"இது ஒன்ட விஞ்ஞான வேலையாச்சே?"

"பரவால்ல. கத்திரிக்கோல் இருக்கா?"

மை ஒட்டிய துண்டுகளை ஒதுக்கி வைத்தார்கள். ஷாமலா தாளை வெட்ட வெட்ட, ஷஹ்மா சுற்றி முறுக்கினாள். தட்டு நிறையப் பளபளவென்று மஸ்கட். வந்தவர்கள் எல்லோரும் எடுத்தார்கள். மூக்குக் கண்ணாடி நடுவரும் ஒன்றை எடுத்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையில நெய்யே ஒட்டல்லையே! இது என்ன பேப்பர்?"

"ஷாமலாட ஷீட் சேர்!" என்று ஷஹ்மா மண்டபமே கேட்கச் சொன்னாள். "கெழங்குத் தோல்ல செஞ்சது!"

அதற்குப் பிறகு ஷாமலாவுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. முதல் பரிசு வேறு குழுவுக்குத்தான் போனது. அது யாருக்குப் போனதென்று அவள் கவனிக்கவே இல்லை.

மேசையைத் துடைக்கும்போது ஷஹ்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்னோட ஒனக்கு என்ன கோவம்? மொத நாள் நான் வாங்குல இருக்க வந்தேன். நீ எழும்பிப் போயிட்ட."

"நீதானே தள்ளி இருன்னு சொன்ன?"

"ஓ, சொன்னேன். நீ கொஞ்சம் தள்ளி இருந்தாத்தானே எனக்கும் எடம் வரும்?"

ஷாமலா திருதிருவென்று விழித்தாள்.

"இருன்னா... உக்காரவா?"

"வேற என்ன?"

"எங்க தோட்டத்துல உக்காருன்னுதான் சொல்லுவோம். தள்ளி இருன்னா, கிட்ட வராதேன்னு அர்த்தம்!"

ஷஹ்மா வாயில் கை வைத்தாள். "அல்லாஹ்! நான் ஒன்னப் பெருமைக்காரி எண்டு நெனச்சேன். அதான் குழுவுக்கும் கூப்பிடல்ல."

ஷாமலாவுக்குச் சிரிப்பு வந்தது. வீணாய்ப் போன இடைவேளைகளை நினைத்து அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் விக்கல் பிடித்துக்கொண்டது. ஷஹ்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

மறுநாள் இடைவேளையில், மாமரத்தடி வாங்கில் ஷஹ்மா நடுவாக உட்கார்ந்திருந்தாள். ஷாமலா பார்சலோடு போய் எதிரே நின்றாள்.

"தள்ளி இரு!"

ஷஹ்மா சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள். ஷாமலா அவளை ஒட்டி உட்கார்ந்தாள். படிக்கட்டில் காத்துக் காத்துப் பார்த்த காகம், பொறுமை இழந்து வாங்குக்கே வந்துவிட்டது. நேராக ஷஹ்மாவின் சாப்பாட்டுப் பெட்டியை நோக்கித் தத்தியது.

"ஏய், தள்ளி இரு!" என்று கத்தினாள் ஷஹ்மா. பிறகு ஷாமலாவின் பக்கம் திரும்பி, "இது ஒங்கட தோட்டத்துத் தள்ளி இரு," என்றாள்.