நான்கு சுழிகள்

படகுக்குப் பின்னால் நான்கு சுழிகள் போய்க்கொண்டிருந்தன.

கராஸி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். விடிந்ததிலிருந்து நெத்திலித் தொழிற்சாலையில் நின்றபடியே டப்பா அடைத்துவிட்டு வந்தவளுக்கு நான்கென்ன, நாற்பதுகூடத் தெரியும். துடுப்பு வலிக்கிறவள் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அவள் காண்பதெல்லாம் எதிரே கடைக்கோடியில் சுக்கான் பிடித்திருப்பவளின் முகமும், அதற்கப்பால் கடந்து வந்த தண்ணீரும்தான். ஒவ்வொரு இழுப்பிலும் துடுப்பு தண்ணீரைக் கிண்டிவிட்டு மேலே வரும்போது இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் சின்னச் சுழிகள் உண்டாகி, கொஞ்சம் நுரையைச் சுற்றிக்கொண்டே பின்னால் நழுவிப் போகும். ஒருத்தி வலித்தால் இரண்டு, இரண்டு பேர் வலித்தால் நான்கு.

இன்றைக்குப் பயிற்சிக்கு வந்து வலிப்பது அவள் ஒருத்திதான். அவளுக்கு முதுகுப்புறம் இருந்த முன்பலகையில் வழக்கமாக அவளோடு வலிக்கும் இயோனே உட்காருவாள். அவளுக்குக் காய்ச்சல் என்று அக்கா சொல்லிவிட்டாள். "அவ துடுப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தா நேரமாயிடும். அப்படியே கிடக்கட்டும்" என்றும் சொன்னாள். அக்கா சொன்னால் கராஸிக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அக்கா எனெரிட்ஸ் சுக்கானைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் லெகார்பே துறைமுகம் மூடுபனிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, முதலில் தேவாலயக் கோபுரமும் பிறகு மீன் சந்தையின் தகரக் கூரையும் கடைசியில் படகுச் சரிவை ஒட்டியிருந்த மாச்சினின் மதுக்கடை விளக்கும் மறைந்து போயின. அந்தக் கடையில்தான் கராஸியின் ஆறு வயது மகன் ஒயன், கணவாய் வறுவலைத் தின்றுகொண்டு அம்மா திரும்பி வரக் காத்திருந்தான்.

"பனி இறங்குது, வழி தெரியாம பிரான்சுல போயிக் கரை ஏறிடாதீங்கடியம்மா!" என்று, அவர்கள் கிளம்பும்போது மாச்சின் வாசலிலிருந்து கத்தியிருந்தார்.

"அங்க உங்க கடையை விட நல்ல காப்பி கிடைக்கும், போய்யா!" என்று கராஸி திருப்பிக் கொடுத்தாள்.

அப்போது அக்கா சிரிக்கவில்லை. படகுக்குள் மண்டியிட்டு, கராஸியின் கால்களைக் கால்பலகையோடு சேர்த்துப் பட்டையால் இறுக்கிக் கட்டினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது காலணிக் கயிறு கட்டிவிட்ட அதே குனிவு. கராஸிக்குக் கண் நிறைந்து போயிற்று. ஒரு வருஷமாகச் செத்த பிணம்போல் வீட்டுக்குள் கிடந்தவள் இப்போதுதான் மூன்று வாரமாக எழுந்து கடலுக்கு வருகிறாள்.

போன செப்டம்பரில், ஜெயிக்கும் படகுக்குக் கொடி தரும் பந்தயத்தில், இந்த அக்காதான் சுக்கான் பிடித்தாள். முன்னால் போகும் படகை முந்துவதற்காக கடலுக்குள் நிற்கும் ஆட்டுப்பாறையை உரசினாற்போல் திருப்பினாள். அலை படகைப் புரட்டிப் போட்டது. எல்லாரும் மேலே வந்தார்கள், முன்பலகையில் இருந்த லிதேயைத் தவிர. லிதே அக்காவின் ஒரே மகள். பதினாறு வயது. உடம்பு கிடைக்கவே இல்லை. ஒரு துண்டுக் கொடிக்காகப் பெற்ற மகளைத் தின்றவள் என்று ஊரே பேசியபோது, கராஸி ஒருத்திதான் சந்தையில் நின்று ஒவ்வொருத்தரிடமும் சண்டை போட்டாள். பாதிப் பேர் இன்றைக்கும் அவளோடு பேசுவதில்லை. போகட்டும், அக்கா கிடைத்தாளே என்று இருந்தாள்.

அவள் இன்னொரு இழுப்பு இழுத்தாள். பின்னால் நான்கு சுழிகள் நழுவின.

"அக்கா, படகு என்ன இந்த ஓட்டம் ஓடுது?"

"நீ நல்லா வலிக்கற."

"நானா? தோள்பட்டை கழண்டு தொங்குது. என்னை வெச்சு நீ கேலி பண்ற."

எனெரிட்ஸ் கராஸியைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை கராஸியின் வலது தோளுக்கு மேலாக, ஒரு சாண் உயரத்தில், ஒரே இடத்தில் நின்றிருந்தது. வழி பார்க்கிற பார்வையாக அது தெரியவில்லை. தூரத்தைப் பார்க்கும்போது அக்கா கண்ணைச் சுருக்குவாள். இப்போது அந்தக் கண்கள் அகல விரிந்து, பக்கத்தில் இருக்கும் யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தன.

கராஸி காதைத் தீட்டிக்கொண்டாள். துடுப்பு தன் கட்டையில் உரசும் கிறீச் சத்தம் அவளுக்கு அத்துப்படி, தன் மூச்சுச் சத்தத்தைப்போல. அந்தக் கிறீச் முடிந்ததும், அரை மூச்சு தள்ளி, முதுகுக்குப் பின்னால் இன்னொரு கிறீச் கேட்டது. பிறகு துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு ஈரத் துணி பலகையில் முன்னும் பின்னும் இழுபடும் சத்தம்.

திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. ஆனால் லெகார்பேயில் துடுப்புக்காரி திரும்பிப் பார்க்க மாட்டாள். திரும்பினால் சுக்கான்காரி மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். இந்த ஊரில் அது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். அதுவும் எனெரிட்ஸ் மேல், மகளைப் பறிகொடுத்துவிட்டு இப்போதுதான் சுக்கானைத் தொட்டிருப்பவள் மேல், அதை எப்படிச் செய்வது? கராஸி கழுத்தை அடக்கிக்கொண்டாள்.

பனி இப்போது படகைச் சுற்றி நெருங்கி, ரோமம் கத்தரிக்காத ஆட்டுத் தோல்போல ஈரமாகவும் கனமாகவும் தொங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. பச்சை ஆப்பிள் வாசனை. லிதே தலைக்குப் போடும் மலிவான சோப்புத் திரவத்தின் வாசனை. கராஸியே அவளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதற்கடியில், வாளியில் வெயில்பட்டு மறந்துபோன தூண்டில் இரையின் நாற்றம்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அவள் வலிப்பதை நிறுத்தினாள். இரண்டு துடுப்பையும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

படகு நிற்கவில்லை.

கிறீச். சொட்டு. கிறீச்.

பின்னால் இரண்டு சுழிகள் நழுவிப் போயின.

"அக்கா." கராஸி துடுப்புகளைத் தாழ்த்தாமலே கேட்டாள். "எனக்குப் பின்னாடி யாரு இருக்கா?"

எனெரிட்ஸின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "திரும்பாதடி, கராஸி. திரும்பினா அவ பயந்து போயிடுவா."

"யாரு?"

முதுகுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், ஒரு குரல் சொன்னது:

"சித்தி."

கராஸியின் கையிலிருந்து துடுப்புகள் நழுவித் தண்ணீரில் அடித்தன.

"மூணு வாரமா தினமும் விடியக்காலையில தனியா வந்தேன்" என்றாள் எனெரிட்ஸ், காப்பிக் கடையில் ஊர்க்கதை சொல்வதுபோல. "மொத நாளு பலகை மட்டும் நனைஞ்சிருந்துச்சு. அப்புறம் குரல் கேட்டுச்சு. எப்பவும் பனிக்குள்ளதான், முகம் தெரியாது. வீட்டுக்கு வந்துடு கண்ணுன்னேன். வரேம்மா, ஆனா கடல்ல என் இடத்துல யாராவது உக்காரணும்னு சொல்லிட்டா."

"இயோனேவுக்குக் காய்ச்சல்னியே?"

"நான்தான் அவளை வர வேண்டாம்னு சொன்னேன்."

"நீ போயி உக்காந்திருக்கலாமில்ல? பெத்தவ நீதானே?"

எனெரிட்ஸ் முதன்முறையாகக் கராஸியின் கண்ணைப் பார்த்தாள். "நான் போயிட்டா, வீட்டுல அவளுக்கு யாரு இருப்பாங்க?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அந்த நேரத்தில் பயத்தைவிட அதுதான் கராஸிக்கு வலித்தது. முதுகுக்குப் பின்னால் இருந்ததைவிட எதிரே இருந்தவள்தான் அந்நியமாகத் தெரிந்தாள். சந்தையில் இவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தியது, இவள் வாயில் சூப்பு ஊட்டியது, இவள் தலைமுடியைக் கழுவிவிட்டது எல்லாம் நினைவில் வந்தது. ஒயன் இந்நேரம் வறுவலை முடித்துவிட்டு ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பான்.

"எனக்கும் ஒரு புள்ளை இருக்கான்க்கா! பாவி, அவன் அங்க நிக்கறான்க்கா!"

"அவனை நான் பாத்துக்கறேன்."

கராஸி குனிந்து கால்பட்டையைப் பிய்த்தாள். ஈரத்தில் ஊறி இறுகிப்போன முடிச்சு. நகம்தான் பெயர்ந்தது. படகு இன்னும் வேகம் எடுத்தது. ஆட்டுப்பாறையில் அலை மோதும் சத்தம் முதுகுப்பக்கம் கேட்கத் தொடங்கியது, தூரத்தில் யாரோ பெரிய கதவைச் சாத்துவதுபோல.

"சித்தி, வலி" என்றது குரல். "ரெண்டு பேரும் வலிச்சா சீக்கிரம் போயிடலாம்."

அப்போதுதான் மேற்கே பனி விலகியது. சாயும் வெயில் ஒரு கற்றை, மஞ்சளாக, நேராகப் படகின் மேல் விழுந்தது. அக்காவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது.

அந்த முகம் மாறுவதைக் கராஸி பார்த்தாள்.

முதலில் உதடு. சிரித்தபடியே அசையாமல் நின்றது. பிறகு கண். கராஸியின் தோளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்த பார்வை மெல்ல ஏறியது. இன்னும் ஏறியது. உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் தலை இருக்க முடியாத உயரத்துக்கு. பிறகு இடது பக்கம் போய், வலது பக்கம் போய், எங்கே முடிகிறது என்று தேடியது.

"நீ..." என்றாள் எனெரிட்ஸ். "நீ லிதே இல்ல."

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றது.

"அக்கா, என் காலை அவுத்து விடு."

எனெரிட்ஸ் சுக்கானை விட்டாள்.

"அக்கா! கட்டை அவுத்துட்டுப் போ! அக்கா!"

அவள் குனியவே இல்லை. ஒரு கணம் கராஸியைப் பார்த்தாள், தெருவில் தெரிந்தவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் பார்ப்பதுபோல. பிறகு பக்கவாட்டில் சரிந்து கடலில் விழுந்தாள். கையை வீசி வீசி நீந்தினாள். துறைமுகத்தை நோக்கி. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எதிரே இருந்த இருக்கை காலியாக இருந்தது.

இத்தனை வருஷத்தில் கராஸி காலி சுக்கான் இருக்கையைக் கடலில் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு ஒரு முகம் இல்லை. வெறும் தண்ணீர். அதில் சின்னதாகிக்கொண்டே போகும் ஒரு தலை. பனி வந்து அதையும் மூடியது. நீச்சல் சத்தம் மட்டும் கேட்டது. சளப். சளப்.

பிறகு அதுவும் இல்லை. குறைந்து குறைந்து போகவில்லை. ஒரு வீச்சின் நடுவே நின்றது.

படகு ஆடியது.

முன்பலகையிலிருந்து எடை எழுந்தது. படகின் முன்பக்கம் மேலே வந்தது. கராஸியின் இடது தோளில் ஏதோ ஊன்றியது. ஈரம். குளிர். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அது அவளைத் தாண்டி வந்தது. மெதுவாக. தாண்டி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. மடியில் தண்ணீர் சொட்டியது. முகத்தில் சொட்டியது. ஆப்பிள் வாசனை.

பின்பக்கம் அமிழ்ந்தது. எதிரே இருக்கை கிறீச்சிட்டது.

சுக்கான் அசைந்தது. படகு திரும்பியது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"வலி" என்றது. இப்போது அது எனெரிட்ஸின் குரல்.

கராஸி துடுப்பைத் தேடிப் பிடித்தாள். வலித்தாள். வேறென்ன செய்வது? ஒயன், ஒயன் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் மனசுக்குள் சொன்னாள். வலிப்பதற்காக முன்னால் குனியும்போதெல்லாம் அவள் கைமுட்டிகள் குளிர்ந்த எதிலோ போய் இடித்தன. முழங்கால் என்று நினைத்துக்கொண்டாள்.

"துடுப்புக்காரி சுக்கான்காரி முகத்தைப் பாக்கணும்" என்றது அக்காவின் குரல், செல்லமாக. "கண்ணைத் தொற."

அவள் இமைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். தலையை ஆட்டினாள். மாட்டேன். மாட்டேன்.

"சரி" என்றது.

ஈரமான விரல் நுனிகள், மிகப் பொறுமையாக, அவள் இமைகளின் மேல் வந்து அமர்ந்தன.