இருநூற்று அறுபதாம் நாள்

மத்தியானம் இரண்டரை மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. மாட்டுப்பட்டி அணைக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டின் பெரட்டுக் கொட்டகைக்கு அழகுத்தாய் வந்து சேர்ந்தபோது, வாசலில் கட்டியிருந்த பேனர் ஈரத்தில் தொய்ந்து, பேச்சாளரின் முகம் மட்டும் காற்றில் புடைத்துப் புடைத்து அடங்கிக்கொண்டிருந்தது.

‘மாயன் நாட்காட்டி மர்மங்கள். சிறப்புரை: காலஞானச் செம்மல் டாக்டர் கந்தப்பன். போன நாளும் திரும்பும்! அனைவரும் வருக. தேநீர் உண்டு.’

காலமெல்லாம் கொழுந்து பறிக்கிறவர்களைத் தேநீர் காட்டிக் கூப்பிடும் துணிச்சல் மன்றத் தலைவர் பாண்டித்துரைக்குத்தான் வரும். இரண்டு மாதம் முன்புவரை அவர் எஸ்டேட் சூப்பர்வைசர். ஓய்வு பெற்ற மறுநாளே, பேர் கூப்பிட ஆளில்லாமல் தவித்துப்போய் ஒரு கலாசார மன்றத்தைத் தொடங்கிவிட்டார்.

“தேநீருன்னுதான் போட்டிருக்கான், வடை இல்லையாம்” என்று பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்த செல்வப்பிரியா முணுமுணுத்தாள். “எந்திரிச்சுப் போயிருவமாக்கா?”

“நீ போ. நான் இருக்கேன்.”

சொன்ன பிறகு அழகுத்தாய்க்கு நாக்கு கசந்தது. அந்தச் சொல்லை அவள் கூடியவரை தவிர்த்து வந்தாள்.

அவள் வந்தது தேநீருக்கு அல்ல. பேனரில் இருந்த அந்த ஒரு வரிக்கு. போன நாளும் திரும்பும். அவளுக்கு ஒரு நாள் திரும்ப வேண்டும். முழு நாள்கூட வேண்டாம். காலை ஏழரை மணி. அதில் அவள் சொன்ன ஒரே ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும்.

தினமும் காலை ஏழரைக்கு இதே கொட்டகையில்தான் பெரட்டு. எல்லாரும் கூடையோடு நிற்க, சூப்பர்வைசர் பேர் கூப்பிடுவார். ‘இருக்கேன்’ என்று சொன்னால் அன்றைக்கு வேலை. யாராவது வரத் தாமதமானால் பக்கத்து வீட்டுக்காரி குரலை மாற்றி ‘இருக்கேன்’ என்று சொல்லிவிடுவாள். அதை ஒருவரும் திருட்டு என்று நினைத்ததில்லை. காய்ச்சல்காரிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பதுபோல அதுவும் ஒரு ஒத்தாசை. பாண்டித்துரையும் முப்பத்து நான்கு வருஷத்தில் ஒருநாள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துப் பேர் எழுதியதில்லை.

கூடவே கொழுந்து பறித்த தோழி கற்பகத்தின் குரல் லேசாக மூக்கில் வரும். அதை அழகுத்தாய் அப்படியே எடுப்பாள். கற்பகமே கேட்டுவிட்டு, “ஏட்டி, எனக்கே நான் ரெண்டு பேரோன்னு இருக்கு” என்று சிரிப்பாள்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி காலையில் கற்பகத்துக்குக் காய்ச்சல். கூப்பிடப் போன அழகுத்தாயிடம் போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்: “எனக்கும் சேத்துச் சொல்லிரு. மாத்திரை போட்டுட்டுப் பத்து நிமிசத்துல வாரேன்.”

அழகுத்தாய் சொன்னாள்.

எட்டு மணிக்கு உருள்பொட்டல். மலை பெயர்ந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற மூன்றாம் லயத்தின் மேல் உட்கார்ந்தது. தோண்ட வந்தவர்கள் முதலில் கேட்டது பேர்ப் பட்டியலைத்தான். பெரட்டில் பேர் சொன்னவர்கள் மலைக்குப் போய்விட்டார்கள், பத்திரம். மிச்சம் உள்ளவர்களைத் தேடினால் போதும். கற்பகத்தின் பேருக்கு நேரே பாண்டித்துரையின் அழகான டிக் இருந்தது. ஏழாம் நம்பர் வீட்டின் பக்கம் ஒரு மண்வெட்டியும் போகவில்லை.

அழகுத்தாய் வாய் திறக்கவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். மாத்திரை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாள், மேலே எங்கேயாவது ஒதுங்கி நிற்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம்தான் ஏழாம் நம்பரைத் தோண்டினார்கள். கூரைத் தகரத்தைப் புரட்டியபோது அதன் உட்புறம் முழுக்க நகக்கீறல். கீழே கிடந்த கற்பகத்தின் விரல்களை அழகுத்தாய் பார்த்தாள். அன்று கற்பகத்துக்காகப் பேர் சொன்னது தான்தான் என்று இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் கந்தப்பன் மேடையேறினார். கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் மண்டி நடத்திக்கொண்டிருந்தவர், மண்டி நொடித்த வருஷத்தில் டாக்டர் ஆனார். எங்கே படித்தார் என்று கேட்டால் கண்ணை மூடி மேற்குத் திசையைக் காட்டுவார்.

“பேரன்பு கொண்ட பெரியோர்களே! ஈராயிரத்துப் பன்னிரண்டில் உலகம் அழியும் என்று நான் உரைத்தேன். அழிந்ததா? இல்லை. ஏன்? கணக்கில் பிழை இல்லை, நண்பர்களே. உலகம்தான் தாமதித்துவிட்டது!”

பாண்டித்துரை தனியாகக் கைதட்டினார்.

“மாயர்களுக்கு ஆண்டு என்பது இருநூற்று அறுபது நாள். அது முடிந்ததும் அதே நாள், அதே பெயரோடு, அதே முகத்தோடு திரும்பி வரும். காலம் செத்துப்போவதில்லை. சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருகிறது!”

தகரக் கூரையில் கோடைமழை சடசடத்தது. ஒலிபெருக்கி இருமிவிட்டு நின்றது. கரண்டு போயிருந்தது. பனி தயங்காமல் உள்ளே வந்து பின்வரிசை பெஞ்சுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது.

அழகுத்தாய் எழுந்தாள். “அய்யா, போன ஆகஸ்ட் ஆறாம் தேதி எப்பத் திரும்பும்?”

“அருமையான கேள்வி, தாயே!” கந்தப்பன் செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். பேச்சாளர் முகம் மலர்ந்தது. எந்த ஊரிலும் அவருக்கு இப்படி ஒரு பொருத்தம் வாய்த்ததில்லை. “ஏப்ரல் இருபத்துமூன்று. ஆஹா! இன்று! அந்த நாள் இதோ, இந்த அரங்கில், நம்மோடு அமர்ந்திருக்கிறது!”

யாரும் சிரிக்கவில்லை. ஆகஸ்ட் ஆறு என்ன நாள் என்று கந்தப்பனைத் தவிர அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஈரமண் வாசனை அடித்தது. மழைக்கு வருகிற வாசனை இல்லை. ஆழத்தில் கிடந்த மண்ணைப் புரட்டினால் வருகிற, வேர் அழுகிய வாசனை.

சங்கடத்தைச் சமாளிக்கப் பாண்டித்துரை தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். “வந்தவங்க பேரை எழுதிருவோம். மன்றத்துக்கு ரிக்கார்டு வேணும்லா.” பையிலிருந்து பழைய பட்டியலின் நகலை எடுத்தார். போன வருஷத்துப் பட்டியல். செத்தவர்களின் பேரை அடிக்க அவருக்குத் தோன்றியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு கூப்பிட ஆரம்பித்தார்.

“செல்வப்பிரியா.”

“இருக்கேன்.”

“கற்பகம்.”

மழை மட்டும் கேட்டது.

அழகுத்தாய் ஓரடி முன்னால் வந்தாள். அதே கொட்டகை. அதே நாள். அதே பேர். கொடுத்துவிட்டார்கள். கேட்ட நாளைக் கொடுத்தேவிட்டார்கள்.

“இல்லய்யா!” அவள் கத்தினாள். “அவ இல்ல! லயத்துல காய்ச்சலோட படுத்திருக்கா. ஏழாம் நம்பர் வீடு. அன்னைக்கு இருக்கேன்னு சொன்னது நான்தான். அவ உள்ள உயிரோட இருக்கா. யாராவது போங்கய்யா... போய்த் தோண்டுங்கய்யா!”

செல்வப்பிரியா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பாண்டித்துரையின் பேனா ஒரு கணம் நின்றது. “கூட்டத்துல இதெல்லாம் பேசக்கூடாதும்மா” என்றார் மெதுவாக. அப்போதும் தலையைத் தூக்கவில்லை. அடுத்த பேருக்குப் போனார்.

“அழகுத்தாய்.”

அவள் வாயைத் திறக்கவில்லை.

“இருக்கேன்.”

பின்வரிசையிலிருந்து வந்தது. அவளுடைய குரல். ஆனால் லேசாக மூக்கில்.

பாண்டித்துரை டிக் போட்டார்.

பனி ஒரு கணம் விலகியதில், மேடையில் நின்ற கந்தப்பனுக்கு மட்டும் பின்வரிசை நேராகத் தெரிந்தது. அவருடைய செந்தமிழ் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது.

“ஏனுங்க... லைட்டு போடுங்க. அந்தக் கடேசி பெஞ்சுல ஒரு அம்மா... தலை பூரா மண்ணுங்க... அதுக்கு விரல்ல நகமே இல்லீங்க...”

கரண்டு வந்தபோது கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கந்தப்பன் பொன்னாடையை வாங்காமல் ஜீப்பில் ஏறினார்.

“அது நான் சொல்லல” என்று அழகுத்தாய் பாண்டித்துரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எம்பேர அடிச்சிருங்கய்யா. கும்பிடுதேன்.”

“எழுதுனது எழுதுனதுதான்மா” என்று கையை விடுவித்துக்கொண்டார் பாண்டித்துரை.

மறுநாள் விடிந்தபோது அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. இராத்திரி தொடங்கிய மழை விடவில்லை. இரண்டாம் லயத்தில், அதே மலையின் அடியில், அவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். அசதியில் மூடிய கண்ணைத் திறந்தபோது ஏழரை தாண்டியிருக்க, பதறிப்போய் செல்வப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி, எனக்குக் காய்ச்சல். நான் வரல. கேக்குதா? தயவுசெஞ்சு எம்பேரச் சொல்லிராத. நான் வீட்டுலதான் கிடக்கேன்னு புது சூப்பர்வைசர்ட்டச் சொல்லு. சத்தமாச் சொல்லு!”

மறுமுனையில் மழைச் சத்தம். பிறகு செல்வப்பிரியாவின் சிரிப்பு.

“என்னக்கா விளையாடுத? இப்பத்தானே நீயே சொன்ன. இந்தா, எனக்குப் பின்னாலதான் கூடையோட நிக்க...”

“திரும்பிப் பாருட்டி! அது நானில்ல!”

லைன் அறுந்தது.

சுவரில் கடிகாரம் எட்டு அடிக்க இரண்டு நிமிஷம் என்றது.

கூரைத் தகரத்தில் சின்னதாக ஒரு கல் விழுந்து உருண்டது.

அழகுத்தாய் கதவைப் பார்த்துத் தவழ்ந்தாள்.

இன்னொரு கல்.

அப்புறம் தகரத்தின் உட்புறத்தில், அவள் தலைக்கு நேர் மேலே, யாரோ நகமில்லாத விரலால் மெதுவாகக் கீறத் தொடங்கினார்கள்.