வீட்டுல ஆள் இல்ல

பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு மருமகள் வந்து இறங்கியபோது, மாமனார் வெல்டிங் பட்டறை வாசலில் ஒரு வாடிக்கையாளருக்குத் தன் போர்க்காலக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரனைப் பார்ப்பதற்காகக்கூட அவர் அதை நிறுத்தவில்லை. தினம் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் செரிக்காது.

எதிரியின் சண்டை விமானம் ஒன்று ஊருக்கு வெளியே வயலில் விழுந்திருக்கிறது. தீப்பிடிக்கவில்லை. விமானிக்குக் கால் மட்டும் சிக்கியிருக்கிறது. தலைக்கு மேல் கண்ணாடி மூடி, உள்ளிருந்து திறக்க வரவில்லை. அதைத் திறக்கும் பிடி வெளிப்பக்கம் இருந்ததை வெல்டரான மாமனார் பார்த்த உடனே கண்டுகொண்டார். ஆனால் ஆள் உயிரோடு கிடைத்தால் பட்டாளம் விமானத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும், செத்துப்போனால் உடலை எடுத்துக்கொண்டு தகரத்தை விட்டுவிடும் என்று அவருக்குப் பட்டது. இறக்கைமேல் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

"தட்டுறான், தட்டுறான், தட்டிக்கிட்டே இருக்கான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'வீட்டுல ஆள் இல்ல, அப்புறம் வா'ன்னேன்!"

வாடிக்கையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். தட்டும் சத்தம் மறுநாள் விடிந்துதான் நின்றதாம்.

அந்த இறக்கைகள்தான் இப்போது பட்டறைக்குக் கூரை. விமானி உட்கார்ந்திருந்த பகுதியைக் கண்ணாடி மூடியோடு அப்படியே பின்முற்றத்தில் வைத்து, உள்ளே மிளகாய் நாற்று வளர்த்தார். கண்ணாடியின் உட்புறம் எப்போதும் மூச்சுப் பட்டதுபோல் மங்கியிருக்கும். மருமகள் கேட்டதற்கு, "செடி மூச்சு விடுதும்மா" என்றார்.

குழந்தைக்கு மஞ்சள் காமாலை. காலை வெயில் படும்படி படுக்க வைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். வெளியே குளிர்காற்று. மாமனார் தாமாகவே நாற்றுத் தட்டுகளை எடுத்து வெளியே வைத்தார்.

"இதுக்குள்ள போடு. காத்தே படாது. மூடிய நான் தொட மாட்டேன், போதுமா?"

அவளுக்கு மனசே இல்லை. ஆனால் குழந்தையின் கண்வெள்ளைகூட மஞ்சளாகிக்கொண்டிருந்தது. துணி விரித்துப் படுக்க வைத்தாள். ஈரமண் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை வந்தது. பழைய தோல், வியர்வை.

பால்துணியை எடுக்கத் திரும்பினாள்.

மூடி தானாக நகர்ந்து மூடிக்கொண்டது.

மாமனார் ஓடிவந்து பிடியைப் பற்றினார். இழுத்தார். அசையவில்லை. உள்ளே குழந்தை வாய் திறந்து அழுதது, சத்தம் வெளியே வரவில்லை.

பிறகு தட்டும் சத்தம் கேட்டது.

மெதுவாக, கனமாக. குழந்தையின் கைகள் கண்ணாடிக்கு எட்டாது.

கண்ணாடியின் உட்புற மங்கலில் ஒரு உள்ளங்கை பதிந்தது. பெரியவர் ஒருவரின் கை.

மாமனாரின் முகம் செத்துப்போயிற்று. அத்தனை வருஷம் சிரித்துச் சொன்ன வாய் குழறியது.

"பச்சப்புள்ளடா... விட்டுடுடா..."

மூடி திறந்தது.

அவர் இடுப்புவரை உள்ளே குனிந்து, குழந்தையைத் தூக்கி அவளிடம் நீட்டினார். அவள் பிடுங்கிக்கொண்டாள். அவர் நிமிரவில்லை. யாரோ உள்ளிருந்து இழுத்ததுபோல் அவர் கால்கள் தரையை விட்டு எழும்பி உள்ளே போயின.

மூடி மூடிக்கொண்டது.

அவர் தட்டினார். கையால், முழங்கையால், தலையால். "பிடி! பிடிய இழும்மா!" என்று வாய் அசைவது தெரிந்தது.

பிடி அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இழுக்க இரண்டு கையும் வேண்டும். அதற்குக் குழந்தையைக் கீழே விட வேண்டும். அவள் விடவில்லை. பயம்தான். ஆனால் பயம் மட்டுமில்லை. இந்த ஆளுக்கு இது வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு குரூரமான நிம்மதி இருந்தது. கதையைக் கேட்ட நாளிலிருந்தே அது இருந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் சுருட்டு வாசனை.

முற்றத்தில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் அவள் காதருகே ஒரு குரல், மொழி தெரியாத ஒருவன் பலகாலம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ததுபோல், தட்டுத் தடுமாறிச் சொன்னது.

"வீட்டுல... ஆள் இல்ல. அப்புறம்... வா."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

கேஸ் சிலிண்டர் வாங்கப் போயிருந்த கணவன் திரும்பி வந்தபோது, தட்டும் சத்தம் எப்போதோ ஓய்ந்திருந்தது.

"அய்யோ அப்பா! ஏன் தெறக்கல?"

"இழுத்துப் பார்த்தேன். வரல."

அவன் இரண்டு கையாலும் பிடியை இழுத்தான். எண்ணெய் போட்டதுபோல் மூடி வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே உயிரற்றுக் கிடந்த அப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அதன்பின் அதைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை.

குழந்தைக்கு மஞ்சள் இறங்கியது. கண்ணாடி மூடியோடு அந்தப் பகுதியை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. கூரையை மட்டும் மாற்றவில்லை.

காலை வெயில் ஏறியதும் கூரைத் தகரத்தில் தட்டும் சத்தம் வருகிறது. வேகமாக, கெஞ்சுவதுபோல். கணவன் கேட்காதவன்போல் வெல்டிங் இயந்திரத்தை ஓட்டுகிறான். அவள் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்க்காமல் கடக்கிறாள்.

வாசலில் மாமனாரின் முக்காலி. அந்த வீட்டில் இப்போது புகைப்பவர் யாரும் இல்லை.

முக்காலியின் ஓரத்தில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருக்கிறது, அவசரமே இல்லாமல்.