விரல் நுனியில் ஒரு வாக்குமூலம்

மேஜை மேல் பிரித்துப் போட்டிருந்த செல்போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தன.

அவளுடையது மட்டும் அலறியது!

"ஹலோ..."

"ஏம்மா, செல்போன் ரிப்பேர் கடையா?"

"ஆமா சார். டிஸ்ப்ளே போச்சா, பேட்டரியா?"

"ஆளே போயாச்சு. இன்ஸ்பெக்டர் பேசறேன்."

ஸ்க்ரூடிரைவர் நழுவிக் காலருகே விழுந்தது.

"உன் தம்பி போற ட்ரெயினிங் சென்டர் ஓனரை யாரோ மண்டையில அடிச்சுக் கொன்னிருக்காங்க. அதே ரூம்லதான் உன் தம்பி உட்கார்ந்திருந்தான்."

"ஐயோ! தம்பிக்கு என்ன ஆச்சு?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. உங்கப்பாவைத்தான் பிடிச்சு வெச்சிருக்கோம்."

"அப்பாவையா? யார் சார் சொன்னது அப்பான்னு?"

மறுமுனையில் ஒரு செருமல்.

"உன் தம்பிதான்!"

அவள் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

தம்பிக்கு இருபது வயது. ஆட்டிசம். பிறந்ததிலிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் எழுதுவான். சென்டரில் 'மிஸ்' என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பெண்மணி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால், அவன் விரல் டேப்லெட்டில் ஓடும். கவிதை கவிதையாகக் கொட்டும். புத்தகமாகவே போடப் போகிறார்கள். வருகிற ஞாயிறு வெளியீட்டு விழா!

அந்தச் சென்டரில் அவனைச் சேர்த்தவள் இவள்தான். முதல் வாரமே அவன் எழுதினான்... 'அக்கா, நீ சிரிச்சா எனக்கு பயம் போயிடும்.'

அன்றைக்கு அவள் அழுத அழுகைக்குக் கடையே மிதந்திருக்கும். அந்த வரியைப் படம் பிடித்துப் போன் திரையில் வைத்துக்கொண்டாள். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது.

அப்பா மட்டும் நம்பவில்லை. "விரல் அவனுது. மூளை யாருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டை வேறு கூட்டி வந்தார். அந்தம்மா படம் போட்ட அட்டைகளை நீட்டினாள். தாகம் எடுத்தால் தம்ளர் படத்தை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

"கவிதை எழுதறவனுக்கு தம்ளர் படமா?" என்று முகத்துக்கு நேராகவே சிரித்து அனுப்பியிருந்தாள் இவள்.

ஷட்டரைப் பாதிதான் இழுத்தாள். பூட்டக்கூடத் தோன்றவில்லை. ஓடினாள்.

* * *

சென்டர் வாசலில் போலீஸ் ஜீப். ஜீப்புக்குள்ளே கைவிலங்கோடு அப்பா.

"அப்பா!"

"நான் தொடலைம்மா. தம்பியை கூட்டிட்டுப் போறேன்னு வந்தேன். அந்த ஆளோட சத்தம் போட்டேன். ஒரு பத்து நிமிஷம் பொறுங்க, உங்க கிட்ட முக்கியமா ஒண்ணு சொல்லணும்னார். கோபத்துல வெளிய வந்து உட்கார்ந்துட்டேன். அவ்வளவுதான்!"

"அப்போ தம்பி ஏம்ப்பா உங்க பேரை எழுதினான்?"

"அவனா எழுதினான்?" அப்பாவின் குரல் உடைந்தது. "அந்தத் தெரபிஸ்ட் மேடத்தைக் கூப்பிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும். கூப்பிடு..."

அவள் போனை எடுத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

கூப்பிட்டாள்.

"வந்துட்டே இருக்கேன்," என்றாள் தெரபிஸ்ட். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

உள்ளே, பயிற்சி அறையில் சுவரோரமாகச் சாக்பீஸ் கோடு. உடலை எடுத்தாயிற்று. பக்கத்து அறையில் தம்பி முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளில் கை போட்டபடி மிஸ்.

"வாடா கண்ணு," என்று இவளைப் பார்த்து உருகினாள் மிஸ். "நான் ஸ்டோர் ரூம்ல இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தா, ஓனர் கீழ கிடக்கார். புள்ள நடுங்கறான். கையைப் பிடிச்சேன்... 'அப்பா அடிச்சார்'னு எழுதிட்டான். நானே ஆடிப் போயிட்டேன்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை விரலில் சுழற்றினார். உட்காரவே தெரியாத மனிதர்.

"சாட்சி இருக்கு, அடிச்ச ஆயுதம் இல்ல. சென்டர் பூரா தேடியாச்சு. இந்த டைப்பிங்கை கோர்ட்டுல காட்டினா வக்கீல் என்னை வறுத்து எடுத்துடுவான்."

"அதுக்கு ஒரு வழி இருக்கு சார்!"

வாசலில் தெரபிஸ்ட். மூச்சு வாங்கியது. கையில் துணிப்பை.

"ஒரு சின்ன டெஸ்ட். எழுதறது இவன்தான்னு ஆயிட்டா எந்த வக்கீலும் வாயைத் திறக்க முடியாது."

"தாராளமா!" மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் புள்ளை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

தெரபிஸ்ட் இவளை மட்டும் வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"உங்க கிட்ட மறைக்கக் கூடாது. கையைப் பிடிச்சு எழுத வைக்கற முறையை நிறைய இடத்துல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் வார்த்தை வந்தது பிடிச்சவங்க கிட்ட இருந்துதான். பல பேருக்கு தன் கைதான் நகருதுன்னு அவங்களுக்கே தெரியாது."

"அப்போ மிஸ் பொய் சொல்றாங்களா?"

"பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல. நீங்க போன் ரிப்பேர் பண்றவங்க. கீபோர்டைப் பார்க்காம ஒத்தை விரலால டைப் பண்ணுவீங்களா?"

"எப்படி முடியும்?"

"தம்பி எழுதறப்போ எங்க பார்ப்பான்?"



ஜன்னலை! எப்போதும் ஜன்னலைத்தானே பார்ப்பான்!

"டெஸ்ட் தோத்துட்டா அப்பா மேல இருக்கற பழி போகும்," என்றாள் தெரபிஸ்ட் மெதுவாக. "ஆனா இதுவரைக்கும் அவன் எழுதினதா நீங்க வெச்சிருக்கறது எல்லாம் அதோட போயிடும். உங்க சம்மதம் இல்லாம நான் ஆரம்பிக்க மாட்டேன்."

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். திரையில் அந்த வரி.

அப்பாவா... இந்த வரியா?

வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சுவரை ஓங்கிக் குத்தினாள். வலித்தது. தம்பி தன்னிடம் பேசினான் என்று நினைத்துக்கொண்டுதானே இத்தனை நாளும் கடையைத் திறந்தாள்! அதையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

வெளியே ஜீப்பில் அப்பா இருமும் சத்தம் கேட்டது.

"ஆரம்பிங்க மேடம்," என்றாள்.

* * *

மேஜையில் தம்பியும் மிஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில். இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு பெரிய அட்டைத் தடுப்பு. கைகள் மட்டும் தடுப்புக்குக் கீழே, டேப்லெட்டின் மேல். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம். இவருக்குக் காட்டுவது அவருக்குத் தெரியாது; இருவருக்கும் ஒரே படம்தான் என்று மிஸ் நினைத்துக்கொண்டாள். எதிரே நின்ற அக்காவுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் இரண்டுமே தெரிந்தன.

முதல் படம். இருவருக்கும் சாவி.

விரல் ஓடியது. 'சாவி.'

"பார்த்தீங்களா!" மிஸ் பூரித்தாள்.

இரண்டாவது படம். தம்பிக்குக் குடை. மிஸ்ஸுக்கு... பஸ்!

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குடைன்னு எழுதுடா. எழுதிடுடா தங்கம்...

விரல் நகர்ந்தது. தம்பியின் கண் ஜன்னலில்.

'பஸ்.'

அவளுக்குள் ஏதோ அறுந்தது.

அடுத்தது. தம்பிக்குச் செருப்பு, மிஸ்ஸுக்கு முட்டை. 'முட்டை.' அதற்கடுத்தது. தம்பிக்கு நாற்காலி, மிஸ்ஸுக்கு பூனை. 'பூனை.'

ஒன்றுகூட இல்லை. ஒன்றே ஒன்றுகூட அவனுடையது இல்லை!

"எல்லாம் சரியா எழுதறான் இல்ல?" தடுப்புக்குப் பின்னாலிருந்து மிஸ் பெருமையோடு கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் எதுவோ சொல்ல வாயெடுத்தார். அக்கா சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

அவள் தலைக்குள் ஒன்று சுழல ஆரம்பித்திருந்தது. தம்பி எழுதவில்லை. சரி. 'அப்பா அடிச்சார்' என்பதும் தம்பி எழுதவில்லை. எழுதுவது எல்லாம் மிஸ்ஸின் கை. அப்படியென்றால்... அந்தக் கைக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"நல்லா எழுதறான் மிஸ். கடைசியா நான் ஒண்ணு கேட்டுக்கறேன்... தம்பி, ஓனரை எதால அடிச்சாங்க? அதை எங்க வெச்சாங்க? அக்காவுக்கு சொல்லுடா."



மிஸ்ஸின் உதடு 'அது குழந்தைக்கு எப்படி...' என்று தொடங்கியது.

விரல் அதற்குள் ஓடிவிட்டது!

'இரும்பு. பந்துக்கு அடியில.'

டேப்லெட்டைப் பார்த்த மிஸ்ஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மணிக்கட்டை விட்டாள். நெருப்பைத் தொட்டவள் மாதிரி விட்டாள்.

"பந்தா?" இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"விளையாட்டு ரூம்ல பெரிய தொட்டி சார்! பிளாஸ்டிக் பந்து நிரப்பி வெச்சிருப்பாங்க!" என்றாள் அக்கா.

கான்ஸ்டபிள் பாய்ந்தார். பந்துகள் உருண்டு சிதறும் சத்தம்... ஒன்றிரண்டு இந்த அறை வரைக்கும் உருண்டு வந்தன. கான்ஸ்டபிள் திரும்பி வந்தபோது கையுறை மாட்டிய கையில் ஒரு இரும்புக் கட்டை. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுப்பது. ஒரு ஓரத்தில் ரத்தமும் முடியும்!

"புள்ள பார்த்திருக்கான்!" மிஸ் அலறினாள். "அவங்கப்பா ஒளிச்சு வெச்சதைப் பார்த்திருக்கான்! அதான் சொல்றான்!"

இன்ஸ்பெக்டர் நிதானமாகத் தடுப்பைத் தூக்கினார். படங்களை ஒவ்வொன்றாக மிஸ்ஸின் முன் வைத்தார்.

"இவன் பார்த்தது குடை. எழுதினது பஸ்ஸு. இவன் பார்த்தது செருப்பு. எழுதினது முட்டை. பஸ்ஸையும் முட்டையையும் பார்த்தது யாரு?"

மிஸ் படங்களைக் கையால் ஒதுக்கித் தள்ளினாள்.

"அப்போ பந்துத் தொட்டியைப் பார்த்தது யாரும்மா?"

மிஸ் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். யாருடைய கையோ தன் உடம்பில் ஒட்டிக்கொண்டிருப்பது போலப் பார்த்தாள்.

"அப்பான்னு எழுதினது நான்தான்... ஒத்துக்கறேன். ஆனா இப்போ நான் அழுத்தலை... சத்தியமா இப்போ நான் அழுத்தலை!"

"உங்க கை அழுத்திச்சு," என்றாள் தெரபிஸ்ட். "உங்களைக் கேட்காமலே."

மிஸ் மேஜை மேல் கவிழ்ந்தாள்.

"இதை நிறுத்தப் போறேன்னார் ஓனர்... ஆராய்ச்சி எல்லாம் படிச்சுட்டாராம். இந்த முறைக்கு ஆதாரமே இல்லையாம். வெளிய உட்கார்ந்திருக்கற பெத்தவர் கிட்ட இப்பவே மன்னிப்பு கேட்கப் போறேன்னார். புக்கும் கிடையாது, விழாவும் கிடையாதுன்னார். அந்தக் கவிதை எல்லாம் பொய்யின்னு ஒருத்தர் சொல்றப்போ... நான் எப்படிப் பொறுத்துக்க முடியும்?"

அக்கா அவள் எதிரே போய் நின்றாள்.

"'அக்கா, நீ சிரிச்சா எனக்கு பயம் போயிடும்'... அது?"

"அது... அவன் மனசுல அப்படித்தான் இருந்திருக்கும்மா..."

"இருந்திருக்கும்! அவனைக் கேட்டியா?"

முதல் தடவையாக அவளுக்கு அந்தப் பெண்மணியை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. போனை எடுத்துத் திரையிலிருந்த வரியை அழித்தாள்.  அழித்தது அவள் விரல்தான்.

* * *

விலங்கு கழற்றிய கையைத் தேய்த்துக்கொண்டே அப்பா உள்ளே வந்தார். அக்கா அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

"மேடம்... இனி அவன் எப்பதான் பேசுவான்?" என்று விசும்பினாள்.

"பேசாமலே போகலாம்," என்றாள் தெரபிஸ்ட். பூசி மெழுகவில்லை. துணிப்பையில் மிச்சமிருந்த அட்டைகளையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். "ஆனா சொல்லுவான். அட்டையில ஆரம்பிப்போம். எது இவனுக்கு உதவுதுன்னு பார்த்துப் பார்த்துத்தான் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கணும். அற்புதம் எதுவும் நடக்காது. நிதானமாத்தான் போகும். ஆனா வர்றது அவனோடதா இருக்கும்."

இன்ஸ்பெக்டரின் வாக்கி டாக்கி கரகரவென்று கத்தியது. அவரும் பதிலுக்குக் கத்தினார். ஜீப்பைக் கூப்பிட்டார், கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார், சிதறிய பந்துகளை உதைத்துக்கொண்டு அறை முழுக்க நடந்தார்.

தம்பி காதைப் பொத்திக்கொண்டான்.

எழுந்தான். மேஜையில் பரப்பியிருந்த அட்டைகளை ஒருமுறை பார்த்தான். ஜன்னலை அல்ல, அட்டைகளை! அதில் ஒன்றை எடுத்தான். நேராக நடந்து போய் இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் திணித்தான். அவர் முதுகில் கை வைத்துத் தள்ளவும் செய்தான்.

அவனை யாரும் தொடவில்லை. யாரும் பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். திறந்த கதவு ஒன்றின் படம்.

"என்ன சொல்றான் இவன்?"

"'வெளியே', சார்," என்றாள் தெரபிஸ்ட். அவள் கண் கலங்கியிருந்தது. "நான் கேட்காம அவனே எடுத்துக் கொடுத்த முதல் அட்டை இது."

அழுதுகொண்டிருந்த அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல என்னை வெளியே போன்னு சொல்லணும்னு எத்தனையோ பேர் நினைச்சிருப்பாங்க... யாருடைய தூண்டுதலும் இல்லாம, சுயநினைவோட சொன்னது இந்தப் பய ஒருத்தன்தான்யா!"