வாழை மூட்டில் தோண்டாதே!

போன் அலறியது.

அஞ்சுகிராமம் பஜாரில் உரக்கடை வைத்திருக்கும் தாணுமாலயன் எடுத்தான். மனைவி அழகியநாயகி.

"கேட்டேளா... ஏசிக்காரப் பையன் வந்திருக்கான். பின்னால குழி தோண்டணுமாம்."

"குழியா? ஏசியைச் செவுத்துலல்லா மாட்டுவான்?"

"எனக்கென்ன தெரியும்? ஆறடியாம். வாழை மூட்டுல தோண்டப் போறான்."

தாணுமாலயன் கல்லாவைப் படாரென்று மூடினான்.

வாழை மூடு!

அந்த வாழையின் அடியில், நாலடி ஆழத்தில் முத்துக்குமாரசாமி படுத்திருந்தான். அழகியநாயகியின் ஒரே தம்பி. ஊரைப் பொறுத்தவரை அவன் விசா வாங்கக் கொச்சிக்குப் போனவன், திரும்பவில்லை. வாழையைப் பொறுத்தவரை அவன் எங்கேயும் போகவில்லை.

"தொடாதேன்னு சொல்லுட்டி. நான் வாறேன்."

பைக் பறந்தது.

அழகியின் அப்பா கட்டிய ஓட்டு வீடு அது. இடித்து மனையாக விற்கவேண்டும் என்று மச்சினன் ஒற்றைக்காலில் நின்றான். தாணுமாலயன் மண்வெட்டியால் ஒரே போடு போட்டான். நின்ற காலும் மடங்கியது. யாருக்கும் தெரியாது. நாற்று வைத்து, தண்ணீர் விட்டு, மறந்தும் போயிற்று.

இப்போது மகள் லட்சுமிப்ரியா பிரசவத்துக்கு வருகிறாள். பிள்ளை இந்த உஷ்ணத்தில் கிடக்குமா என்று அழகி பிடிவாதமாக ஏசிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாள். சரி என்று அவனும் விட்டான். ஏசிக்குக் குழி வேண்டும் என்று எவன் கண்டான்?

வீட்டில் மெக்கானிக் சுஜின் காத்திருந்தான். கருங்கல் ஊர்க்காரன். வாய் ஓயாதவன்.

"உள்ள வேலை முடிஞ்சாச்சு அண்ணாச்சி. ஓட்டுக்குக் கீழ மரத்தட்டுல உள்ள இடுக்கெல்லாம் ஃபோம் அடிச்சு அடச்சேன். சன்னலுக்கு மேல உள்ள ஓட்டையும் மூடியாச்சு. இல்லைன்னா ஓட்டுல இருக்க பல்லிக்கெல்லாம் நீங்கதான் குளிர் வாங்கிக் குடுக்கணும்."

"குழி எதுக்குலே?"

"இது தாத்தா காலத்து வயரிங்காக்கும். மரப்பட்டையில ரெண்டே வயரு ஓடுது. எர்த்தே இல்ல. லீக் ஆனா கரண்ட் மண்ணுக்குப் போகணும். இல்லைன்னா தொட்டவன் மண்ணுக்குப் போவான்."

"அதுக்கு வாழை மூடுதான் கெடச்சுதா?"

"ஈரம் வேணும்லா? பாத்ரூம் தண்ணி விழுற எடம். ஆறடி தோண்டி, பைப்பை எறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினா சாகற வரைக்கும் பிரச்சனை இல்ல."

கடப்பாரையோடு ஒருவன் பக்கத்தில் நின்றான்.

"இவன் யாரு?"

"ராஜமணி அண்ணன். குழி தோண்டத்தான். அக்காதான் ஆள் சொல்லி விட்டா."

தாணுமாலயன் ஆளை அளந்தான். பின்னந்தலை ஒட்ட வெட்டிய முடி. மண் வேலை செய்கிறவன் உள்ளங்கை காய்த்திருக்கவேண்டும். இவன் கை பூரி மாதிரி இருந்தது.

இவன் எதற்கு வாழையையே பார்க்கிறான்? அழகி எதற்கு என்னையே பார்க்கிறாள்?

அவள் தட்டோடு வந்தாள்.

"நம்ம வாழையில உள்ள மட்டிப் பழம். எடுங்கோ."

சுஜின் நாலாவது பழத்தை உரித்தான். "கொள்ளாம். தேன் மாதிரி இருக்கு."

ராஜமணி வேண்டாமென்று தலையாட்டினான்.

தட்டு தாணுமாலயன் பக்கம் திரும்பியது.

"எனக்கு வேண்டாம்... சுகர்."

"ஓ..."

அவள் தட்டை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள்.

முற்றம் முழுக்க சிமெண்ட் தளம். மண் தெரிந்தது இரண்டே இடத்தில். ஒன்று வாழை மூடு. இன்னொன்று கிழக்குச் சுவரோரம் முருங்கை. அதட்டினால் சந்தேகம் வரும். தாணுமாலயன் குரலில் சர்க்கரை போட்டுக்கொண்டான்.

"தம்பி... முருங்கை மூட்டுல தோண்டேன்."

"அது காய்ஞ்சு கெடக்கே அண்ணாச்சி."

"ஏசியில தண்ணி ஒழுகும்லா? அந்தக் குழாயைக் குழிக்கே விடு. ஏசி ஓட ஓட ஈரம்."

சுஜின் வாயைப் பிளந்தான். "அண்ணாச்சி நம்ம தொழிலுக்கே வரலாம்."

"வாழை மூட்டுல தோண்டினா என்ன?" ராஜமணி முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"வேர் அறுந்துரும். குலை தள்ளுற வாழை."

"பழத்தை நீங்கதான் திங்கவே மாட்டீங்களே."

"ஓய், நீரு தோண்ட வந்தீரா? விசாரிக்க வந்தீரா?"

அழகியநாயகி சிரித்தாள். "அவுங்க சொன்ன எடத்துலயே தோண்டுங்கோ."

கடப்பாரை முருங்கை மூட்டில் இறங்கியது.

தாணுமாலயன் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். மூச்சு சீரானது. ஏசி நல்ல யோசனைதான் என்று அவனுக்கு அப்போதுதான் பட்டது.

இரண்டடி...

மூன்றடி...

டக்!

ராஜமணி குனிந்து இழுத்தான். மக்கிய துணி வந்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கி. அதன் கிழிசல் வழியே ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

அழகியநாயகி வீறிட்டாள்.

"ஐயோ... இது என் தம்பி உடுத்த சாரம்லா!"

தாணுமாலயன் எழுந்தான். நாற்காலி சாய்ந்தது.

"அவன்... அவன் எப்பிடி இங்க வந்தான்? வாழை மூட்டுலல்லா நான் அவனை..."

நாக்கைக் கடித்தான்.

பிந்திவிட்டது.

குழாயைத் திருகி மூடியதுபோல அழகியின் அழுகை நின்றது.

"அது டைகர்," என்றாள் நிதானமாக.

"எ... என்னது?"

"நம்ம நாய். வாழை மூட்டையே பிராண்டிக்கிட்டுக் கெடக்கும்லா? நீங்க சபரிமலைக்குப் பொறப்பட்ட அன்னைக்கு வாயில நுரை தள்ளிச் செத்துது. தம்பி சாரத்துல பொதிஞ்சு நாந்தான் இங்க மூடினேன். ஒங்ககிட்ட ஓடிப்போச்சுன்னு சொன்னேன்."

"ஏட்டி..."

"பொறவு பழம். மட்டின்னா ஒங்களுக்கு உசிரு. பஜார்ல நின்னு வாங்கித் திம்பேள். அப்ப இல்லாத சுகரு வீட்டுக் குலையைக் கண்டா மட்டும் வரும். பழைய வீட்ல ஏசி வைக்கணும்னா எர்த்துக்குக் குழி தோண்டணும்னு யூடியூப்ல பாத்தேன். வாழை மூட்டைத் தொட விட மாட்டேள். மிச்சம் இருக்கது முருங்கைதானே?"

தாணுமாலயன் வாசல் பக்கம் பார்த்தான்.

சுஜின் திருதிருவென்று விழித்தான். "எக்கா, அவ்வளவு தெரியும்னா நேரா வாழை மூட்டையே தோண்டியிருக்கலாம்லா?"

"தோண்டினா பொணந்தான் வரும்." ராஜமணி கையைத் தட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். "பொதச்சவன் யாருன்னு பொணம் சொல்லுமா? அதை அண்ணாச்சி வாயாலயே கேக்கணும்னு இவங்க ஸ்டேஷன்ல வந்து சொன்னாங்க."

தாணுமாலயனின் தோளில் ஒரு கையைப் போட்டார். மறு கையால் போனை எடுத்தார்.

"எஸ்.ஐ. ராஜமணி பேசுறேன். தாசில்தாருக்குச் சொல்லி, ஆளுங்களை அனுப்புங்க. ஆமா... வாழை மூட்டுலதான்."

சுஜினின் முகம் மெதுவாக வெளிறியது. ஒரு கை வாயைப் பொத்தியது. இன்னொரு கை வயிற்றைப் பிடித்தது.

"சார்... அந்தக் குலையில நான் நாலு பழம் தின்னேன்."

"பாத்தேன்லே. மரியாதையா ஏசியை மாட்டி முடி. இல்லைன்னா, தடயத்தைத் தின்னு அழிச்சான்னு ஒன்னையும் கேஸ்ல சேத்துருவேன்."